பின் அச்சு கியர் ரேஷியோவை வீட்டிலேயே கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

3.73, 4.10 என்கிறார்களே, அது எதைக் குறிக்கிறது?

பின் அச்சின் நடுவில் இருக்கும் உருண்டைக்குள், அதாவது டிஃபரன்ஷியலுக்குள், இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டோடு சுற்றுவது சின்னது, அதாவது பினியன். அது சுற்றிவிடுவது பெரியது, கிரவுன் வீல். கிரவுன் வீலின் பற்களை பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் ரேஷியோ. 41 பல், 11 பல் என்றால் 41 ÷ 11 = 3.727. அதை 3.73 என்று சொல்கிறோம். கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றியிருக்கும்.

எண் பெரிதானால் இழுவை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். எண் சிறிதானால் இதற்கு நேர்மாறு.

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம்?

பழைய வண்டி வாங்கியவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும். கிரவுன் பினியன் உடைந்து மாற்ற வேண்டுமானால் எந்த செட் என்று கடைக்காரர் முதலில் கேட்பார். பெரிய டயர் போட்ட பிறகு வண்டி ஏற்றத்தில் திணறுகிறது, ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது, இன்னொரு வண்டியின் அச்சைக் கழற்றி மாட்ட நினைக்கிறீர்கள் என்றாலும் இந்த எண் வேண்டும். ஃபோர் வீல் டிரைவில் முன் அச்சும் பின் அச்சும் பொருந்துகிறதா என்று பார்க்கவும் வேறு வழியில்லை.

தகட்டைப் பார்த்தாலே போதுமே, சக்கரத்தைச் சுற்றி எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?

தகடு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பல அச்சுகளில் டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு மாட்டியிருப்பார்கள். சேற்றையும் கிரீஸையும் கம்பித் தூரிகையால் தேய்த்தால் எண் தெரியும். ஃபோர்டு தகடுகளில் 3 எல் 73 என்று இருந்தால் ரேஷியோ 3.73, நடுவில் உள்ள ‘எல்’ லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) வகை என்பதற்கான அடையாளம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வசதிக் குறியீட்டு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.யு. 6 என்றால் 3.42, ஜி.டி. 4 என்றால் 3.73, ஜி.டி. 5 என்றால் 4.10. வேறு சில கம்பெனிகள் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் அச்சுக் குறியீடு தருகின்றன. அதன் பொருளை சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் தகடு சொல்வது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் கதை. நடுவில் யாராவது அச்சை மாற்றியிருந்தால் ஸ்டிக்கர் பழைய எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். இருபது வருஷ வண்டியில் ஸ்டிக்கரை மட்டும் நம்பி கிரவுன் பினியன் ஆர்டர் கொடுப்பது வீண் துணிச்சல் என்பேன். சுற்றி எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

என் கார் முன்சக்கர இழுவை. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. உங்கள் வண்டியில் இதே வேலையைச் செய்யும் கடைசிப் பல்சக்கர ஜோடி, அதாவது ஃபைனல் டிரைவ், கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணிப் பார்க்க வெளியே ஷாஃப்ட் கிடையாது. கீழே வரும் ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) கணக்கை வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

வண்டியைத் தூக்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் அண்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கியதும் அச்சுக் குழாயின் கீழே ஸ்டாண்ட் வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. டயர் தரையைவிட்டு இரண்டு விரல் எழும்பினால் போதும், அதற்குமேல் தூக்கத் தேவையில்லை.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த வேலைக்கு கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக்கையும் விட்டிருக்க வேண்டும். அப்படியானால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்த அண்டைக் கட்டைகள் மட்டும்தான். ‘கியரில் போட்டுவிட்டேன், நகராது’ என்ற தைரியமும் இங்கே செல்லாது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால், ஷாஃப்ட் அசையாமலே அது ஒரு பக்கமும் தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கமுமாகச் சுழலும், வண்டி உருண்டுவிடும். ஆட்டோமேட்டிக்கின் ‘பார்க்’ நிலைக்கும் இதே கதிதான்.

எஞ்சினை ஓடவிட்டு சக்கரத்தைச் சுற்ற நினைக்காதீர்கள். உங்களுக்கே தெரியாமல் உள்ளே லிமிடெட் ஸ்லிப் இருந்தால், தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். கையால் சுற்றுங்கள், போதும்.

ஒரு சக்கரத்தைத் தூக்குவதா, இரண்டையுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

குழப்பம் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒருவர் ‘ஒரு சுற்று’ என்பார், இன்னொருவர் ‘இரண்டு சுற்று’ என்பார். இருவரும் சொல்வது சரிதான், வண்டிதான் வேறு.

டிஃபரன்ஷியலின் விதி ஒன்றே ஒன்று: கிரவுன் வீல் சுற்றும் அளவு இரண்டு சக்கரங்கள் சுற்றும் அளவின் சராசரி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சாதாரண, அதாவது ஓப்பன் டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். தரையில் இருக்கும் சக்கரம் சுழியம். தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் சராசரி ஒன்று, அதாவது கிரவுன் வீல் ஒரு சுற்று. ஆகவே சக்கரத்துக்கு இரண்டு சுற்று, அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்றோ அதுதான் ரேஷியோ. ஷாஃப்ட் நாலு சுற்றும் ஒரு சொச்சமும் வந்தால் 4.10 வட்டாரம்.

லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர் (இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் வகை) இருந்தால் ஒரு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவே முடியாது, அல்லது மூச்சுப்பிடித்துச் சுற்ற வேண்டியிருக்கும். இரண்டு சக்கரங்களையும் தூக்குங்கள். இரண்டும் சேர்ந்தே சுற்றும். இப்போது ஒரு சுற்று போதும். ஷாஃப்டின் சுற்றுகள்தான் ரேஷியோ.

ஓப்பன் டிஃபரன்ஷியலில் இரண்டையும் தூக்கிவிட்டு ஒன்றை மட்டும் சுற்றுவதுதான் வம்பு. மறுபக்கச் சக்கரம் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் பின்னால் போகும், கொஞ்சம் முன்னால் வரும். நீங்கள் 20 சுற்று சுற்றும்போது அது பின்னோக்கி ஒரு சுற்று போயிருந்தால் கிரவுன் வீல் 10 சுற்று அல்ல, 9.5 சுற்றுதான். 4.10 அச்சு 3.90 ஆகத் தெரியும். 3.91 என்றே ஒரு செட் இருப்பதால் சந்தேகமே வராமல் தப்பான சாமானை வாங்கிவிடுவீர்கள்.

எனக்கு இருப்பது ஓப்பனா, லிமிடெட் ஸ்லிப்பா? எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் கியரில் போடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் வையுங்கள். ஷாஃப்ட் கட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன். அசைக்கவே முடியாவிட்டால் லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர். நியூட்ரலில் வைத்து இதைச் செய்தால் ஓப்பன் வகையிலும் சில நேரம் இரண்டும் ஒரே திசையில் சுற்றி ஏமாற்றும்.

உள்ளிருக்கும் கிளட்ச் தகடு தேய்ந்துபோன பழைய லிமிடெட் ஸ்லிப் ஓப்பன் மாதிரியே நடந்துகொள்ளும். எண்ணுவதற்கு அதனால் பாதகமில்லை, ஓப்பன் என்றே வைத்து எண்ணுங்கள்.

அடையாளம் எங்கே போடுவது?

ஷாஃப்டில் போடும் கோடு, டிஃபரன்ஷியல் பக்கம் இருக்கும் பினியன் ஃபிளான்ஜில் (ஷாஃப்டும் பினியனும் இணையும் இடம்) இருக்கட்டும். அதற்கு நேராக அசையாத பாகத்தில், அதாவது டிஃபரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் மூக்கில், இன்னொரு கோடு. வெள்ளை பெயின்ட் பேனா இருந்தால் நல்லது, சாக்பீஸ் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டாது. ஷாஃப்டின் முன்முனையில் கோடு போட்டால் நடுவில் இருக்கும் யூ ஜாயின்டின் (ஷாஃப்டை மடங்கவிடும் மூட்டு) ஆட்டமும் கோணமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அதற்கு நேராகத் தரையில் ஒரு செங்கல்லை வைத்து, அதில் ஒரு கம்பியைக் கோட்டை நோக்கி நீட்டிவையுங்கள். ‘ஏறக்குறைய மேலே வந்துவிட்டது’ என்று கண்ணால் மதிப்பிடுவதைவிட இது பத்து மடங்கு மேல்.

ஆரம்பிப்பதற்கு முன் சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுற்றி, ஷாஃப்ட் அசையத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அப்போதுதான் உள்ளிருக்கும் லூஸ் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதன்பிறகு கோடுகளைப் போடுங்கள். கடைசிவரை ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். கோடு கொஞ்சம் தாண்டிவிட்டது என்று பின்னால் திருப்பினால் அந்த லூஸ் மறுபடி நுழைந்துவிடும்.

மூணே முக்கால் சுற்று வருகிறது. அது 3.73-ஆ, 3.77-ஆ? கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லையே?

இரண்டே சுற்றில் பிடிபடாது. பெரும்பாலோர் இங்கேயே ஒரு எண்ணை ஊகித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் சுற்றினால் ஊகமே தேவையில்லை, பற்களின் எண்ணிக்கையே வெளியே வந்துவிடும்.

கிரவுன் வீலின் பல் எண்ணிக்கைக்கும் பினியனின் பல் எண்ணிக்கைக்கும் பெரும்பாலும் பொது வகுஎண் இல்லாமல்தான் தயாரிப்பார்கள். 41-க்கு 11, 43-க்கு 11, 37-க்கு 9, 49-க்கு 13 என்று பார்த்தாலே தெரியும். ஒரு பல் மறுபடி மறுபடி அதே பல்லோடு மோதாமல் எல்லாப் பற்களோடும் மாறி மாறிச் சேரட்டும், தேய்மானம் சமமாகட்டும் என்பதற்காக. 4.00 போன்ற முழு எண் ரேஷியோ அபூர்வமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஓப்பன் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் தூக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தை இரண்டு இரண்டு சுற்றாகச் சுற்றுங்கள். ஒவ்வோர் இரட்டைச் சுற்றும் முடிந்து டயர்க் கோடு கம்பிக்கு நேராக வந்ததும், ஷாஃப்ட் கோடு ஹவுசிங் கோட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஷாஃப்டின் சுற்றுகளையும் எண்ணிக்கொண்டே வாருங்கள். இரண்டு கோடுகளும் முதன்முதலாக ஒரே நேரத்தில் பொருந்தும்போது, இரட்டைச் சுற்றுகளின் எண்ணிக்கைதான் பினியனின் பல், ஷாஃப்டின் சுற்றுகள்தான் கிரவுன் வீலின் பல்.

41/11 அச்சில் நாலாவது இரட்டைச் சுற்றில் ஷாஃப்ட் 14.91-ல் நிற்கும். பொருந்துவது போலத் தோன்றும், ஆனால் 33 டிகிரி குறையும். கடிகார முள்ளில் ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலான இடைவெளி அது, தவறவிட முடியாது. ஏழாவதில் அதே அளவு தாண்டி நிற்கும். பதினோராவதில், அதாவது சக்கரம் 22 சுற்று முடிந்ததும், ஷாஃப்ட் 41-ஐ முடித்து நேராக வந்து உட்காரும். 41 ÷ 11. வேலை முடிந்தது.

49/13 என்றால் சக்கரத்தை 26 தடவை சுற்ற வேண்டும், ஷாஃப்ட் 49 வரும். 41/10-ஐயும் 45/11-ஐயும் பிரித்துப் பார்க்கவும் இதைவிட எளிய வழி கிடையாது. ரேஷியோவாகப் பார்த்தால் 4.10, 4.09. ஆனால் முன்னது பத்தாவதில் பொருந்தும், பின்னது பதினொன்றில்.

பொருந்தியது மிகச் சீக்கிரமாகவே, உதாரணமாக இரண்டாவது இரட்டைச் சுற்றிலேயே, ஷாஃப்ட் 7-ல் என்றால் பொது வகுஎண் உள்ள செட். பல் எண்ணிக்கை 35/10 ஆக இருக்கலாம். ரேஷியோ 3.50 என்பதில் மாற்றமில்லை.

எவ்வளவு துல்லியம் தேவை என்று கேட்பவர்களுக்கு: டயர்க் கோட்டில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் ஷாஃப்டில் ஏறக்குறைய மூன்று டிகிரிதான் பிசகும். 33 டிகிரிக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

லிமிடெட் ஸ்லிப், இரண்டு சக்கரமும் மேலே என்றால் இரட்டைச் சுற்றுக்குப் பதில் ஒற்றைச் சுற்று. மற்றதெல்லாம் இதேதான்.

உதவிக்கு ஆள் இல்லை. தனியாகச் செய்யலாமா?

செய்யலாம். செல்போனை வண்டிக்கு அடியில் ஃபிளான்ஜ் கோடு தெரிகிற மாதிரி சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு இரட்டைச் சுற்று முடிந்ததும் ‘ஒன்று, இரண்டு’ என்று உரக்கச் சொல்லுங்கள், ஒரு நொடி நிறுத்துங்கள். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்து ஷாஃப்டை எண்ணிக்கொள்ளலாம். எண்ணிக்கை தப்பினால் வீடியோவைத் திரும்ப ஓட்டினால் போதும். ஆள் இருந்தாலும் இதையே செய்வேன், எதிரும் புதிருமாக இருவர் எண்ணினால் பதினைந்துக்குமேல் சண்டை வந்துவிடுகிறது.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் என்ன வித்தியாசம்?

லிவரை டூ வீல் நிலையில் வைத்து பின் அச்சை மேலே சொன்னபடி எண்ணுங்கள். முன் அச்சுக்கும் அதே வழிதான், ஆனால் முன்சக்கரத்தை அச்சிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தால் அதை லாக் செய்த பிறகே எண்ண வேண்டும். இல்லையென்றால் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும்.

முன்னும் பின்னும் ஒத்துப்போக வேண்டும். பின்னால் 4.10, முன்னால் 4.09 என்பது வழக்கமாக வரும் ஜோடிதான், 0.2 சதவீத வித்தியாசத்தால் கெடுதல் இல்லை. ஒன்று 3.73, இன்னொன்று 4.10 என்று வந்தால் யாரோ ஒரு அச்சை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்யும்வரை கெட்டித் தரையில் மட்டுமல்ல, எங்கேயும் ஃபோர் வீலில் போடாதீர்கள். இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

வண்டியைத் தூக்காமலே கணக்குப் போட வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் கிடைப்பது ஓர் உத்தேச விடைதான். ஆர்.பி.எம். காட்டும் டாக்கோமீட்டரும், கியர்களின் ரேஷியோ தெரிந்த ஒரு மேனுவல் கியர்பாக்ஸும் வேண்டும். பின்சக்கர வண்டிகளின் ஐந்து கியர் பெட்டியில் நாலாவது பெரும்பாலும் நேரடி கியர், 1.00. அதில் சீரான வேகத்தில் ஓட்டி ஆர்.பி.எம். பாருங்கள். வேகத்தை ஜி.பி.எஸ்.ஸில் பாருங்கள். ஸ்பீடோமீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் வழக்கமுள்ளவை.

ரேஷியோ = ஆர்.பி.எம். × டயர் சுற்றளவு (மீட்டரில்) × 0.06 ÷ (வேகம் × கியர் ரேஷியோ)

80 கி.மீ. வேகத்தில் 2,450 ஆர்.பி.எம்., சுற்றளவு 2.15 மீட்டர் என்றால்: 2450 × 2.15 × 0.06 = 316. அதை 80-ஆல் வகுத்தால் 3.95. டாக்கோமீட்டர் முள்ளில் 50 ஆர்.பி.எம். பிசகு சாதாரணம், அது விடையை 0.08 நகர்த்தும். ஆகவே 3.91 ஆக இருக்கலாம், 4.10 ஆக இருக்க வாய்ப்புக் குறைவு. இதற்குமேல் இந்த முறையிடம் எதிர்பார்க்க முடியாது.

சுற்றளவை டயர் எண்ணிலிருந்து கணக்கிட்டால் கொஞ்சம் கூடுதலாக வரும். 215/75 ஆர் 15 டயரின் விட்டம் 703.5 மி.மீ., அதன்படி சுற்றளவு 2.21 மீட்டர். பாரத்தில் டயர் அமுங்குவதால் உண்மையில் உருளும் தூரம் சில சதவீதம் குறையும். டயரிலும் தரையிலும் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி, டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் வழுக்குவதால் ஆர்.பி.எம். உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். லாக்கப் ஆன பிறகு, அதாவது அது வழுக்காமல் பூட்டிக்கொண்ட பிறகு, எடுத்த அளவு என்றால் மட்டுமே கணக்கில் சேருங்கள்.

மூடியைக் கழற்றி நேரடியாகப் பல்லை எண்ணிவிடலாமே?

எண்ணலாம். பல கிரவுன் வீல்களின் ஓரத்தில் ‘41 11’ என்று இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டே இருக்கும், பல்லைக்கூட எண்ண வேண்டாம். ஆனால் ஆயிலை வடிக்க வேண்டும், கேஸ்கெட் புதிதாக வேண்டும், ஜி.எல். 5 தர கியர் ஆயில் நிரப்ப வேண்டும். ஆயில் மாற்றும் நேரம் வந்திருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. பின்பக்கம் மூடியே இல்லாத, முன்பக்கமாகக் கழற்றும் ஹவுசிங் என்றால் இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பெரிய டயர் போட்டால் ரேஷியோ மாறுமா?

அச்சின் ரேஷியோ மாறாது, அதன் பலன் மாறும். 3.73 அச்சில் 703.5 மி.மீ. டயருக்குப் பதில் 760 மி.மீ. டயர் போட்டால் வண்டி 3.45 அச்சு போல நடந்துகொள்ளும் (3.73 × 703.5 ÷ 760). பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 3.73 × 760 ÷ 703.5 = 4.03. அதற்கு அருகில் எளிதில் கிடைப்பது 4.10.

பினியனை மட்டும் மாற்றி ரேஷியோவைக் கூட்ட முடியுமா?

முடியாது. கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசிப் பதமாக்கப்பட்டவை, செட்டாகத்தான் வாங்க வேண்டும். சில அச்சுகளில் ரேஷியோ ஓர் எல்லையைத் தாண்டினால் அதைத் தாங்கும் கேரியரும் வேறு. டானா 44 என்ற அச்சு வகையில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து இன்னொன்று. மாட்டும்போது ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி) சரிசெய்வது நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கு. ரேஷியோ கண்டுபிடிப்பது வீட்டு வேலை, இது டயல் கேஜும் பழகிய கையும் உள்ளவரின் வேலை.

கியர்பாக்ஸிலிருந்து ஓடும் ஸ்பீடோமீட்டர் என்றால் 3.73-ஐ 4.10 ஆக்கியதும் பத்து சதவீதம் கூட்டிக் காட்டும். சக்கர சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எண்ணியதில் 6-க்கும் மேல் வருகிறது. எங்கே தப்பு?

முதலில், லிமிடெட் ஸ்லிப்பை ஓப்பன் என்று நினைத்து இரண்டு இரண்டாகச் சுற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். விடை சரியாக இரண்டு மடங்காகியிருக்கும். 7.46 வந்தால் உண்மை 3.73. மறுதிசையில் தப்பினால் பாதியாகி 1.86 என்று வரும்.

அதுவும் இல்லை, வண்டி கனரக வகை என்றால் சக்கர முனையில் ஹப் ரிடக்ஷன் என்ற இன்னொரு பல்சக்கரக் கட்டம் இருக்கலாம். அப்போது நீங்கள் எண்ணியது இரண்டு கட்டங்களும் சேர்ந்த மொத்த ரேஷியோ. ஹப்பின் ரேஷியோவை சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து அதால் வகுத்தால் கிரவுன் பினியனின் எண் கிடைக்கும்.